மறுபடியும் வாக்குக் கேட்டு வரும் எம்பியின் ஒரு நாள் எப்படிப் போகும்? (கதைக்காகக் கேட்கிறேன்)

அட்டன்_மூடுபனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை பாதியில் நிற்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வி. கதையில் வருபவர் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தடவை வென்ற எம்பி, மூன்றாம் தடவை கேட்கிறார். கட்சியோ பெயரோ கிடையாது, யாரையும் குத்திக் காட்டும் எண்ணமும் இல்லை. ஆனால் பிரசாரம் நடக்கிற அந்த ஐந்து கிழமையும் அவர் காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எங்கே சாப்பிடுகிறார், யார் வீட்டு இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) உட்காருகிறார், இதொன்றும் எனக்குத் தெரியாது. வேட்பாளர்கள் மேடையில் பேசுவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில்.

இந்த யோசனை வந்ததே அமெரிக்க செனட்டர்களைப் பற்றி வாசிக்கப் போய்த்தான். அயோவா மாநிலத்து சக் கிராஸ்லி அங்கே இருக்கும் 99 கவுண்டிகளுக்கும் வருடா வருடம் போய் ஆட்களைச் சந்திக்கிறவர், தேர்தல் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, 2022இல் 89 வயதில் மறுபடியும் வென்றார். மினசோட்டாவின் போல் வெல்ஸ்டன் 1990இல் பச்சை நிறப் பழைய பஸ் ஒன்றில் ஊர் ஊராகப் போய் வென்றவர். 2002இல் மறுபடி வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தேர்தலுக்கு 11 நாள் இருக்கையில், சிறிய விமானம் விழுந்து மனைவி, மகளோடு இறந்துபோனார். அதை வாசித்த இரவு தூக்கம் வரவில்லை. நம்ம ஆட்களும் இப்படித்தான் அலைகிறார்களா, அலைந்தால் எப்படி அலைகிறார்கள் என்று யோசித்ததில் பிறந்ததுதான் கதை.

இப்போது எழுதி வைத்திருப்பதில் எம்பிக்கும் எதிர்க்கட்சி வேட்பாளருக்கும் தலவாக்கலை டவுனில் ஒரு மோதல் வருகிறது. ஆனால் அந்த இடம் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. கூடப் போனவர்கள், பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

டயகம_கடைசி_பஸ் எழுதியது:

தேர்தல் காலத்தில் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்கிறீர்கள். மிச்ச ஐந்து வருடம் எங்கே சாப்பிட்டார் என்று எழுதினால் அது நாவலாகவே வரும் 😀

சும்மா சொன்னேன், எழுதுங்கள். டயகமவுக்குக் கதையில் ஒரு சீன் வையுங்கள், ரோட்டு முடிகிற ஊர் என்பதால் எங்களுக்கு எல்லாமே கடைசியாகத்தான் வரும், வேட்பாளர் உட்பட.

ஸ்டியரிங் எழுதியது:

தம்பி, நான் இரண்டு தேர்தலுக்கு ஒருவரின் வேன் ஓட்டினேன். முதல் தடவை அவர் புதுமுகம், இரண்டாம் தடவை பதவியில் இருந்து வந்தவர். ஆள் ஒன்றுதான், ஆனால் எனக்கு ஓட்டின ரோட்டு வேறு மாதிரி இருந்தது, எப்படி என்று சொல்கிறேன்.

புதுசாக வந்தபோது எந்த லயத்துக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) முன்னாலும் நிறுத்தலாம். ஆட்கள் முகத்தைப் பார்ப்பார்கள், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தோட்டம் என்று விசாரிப்பார்கள், ஆரத்தி எடுப்பார்கள், முடிந்தது. இரண்டாம் தடவை காலையில் வேன் ஏறும்போதே அவர் மனதுக்குள் ஒரு வரைபடம் இருந்தது. அந்த டிவிஷனுக்குத் தகரம் தருகிறேன் என்று சொல்லித் தரவில்லை, இந்தப் பாலத்துக்குக் கல் நட்டதோடு சரி, அங்கே கோயிலுக்குக் கொடுத்த காசு பத்தவில்லை. "மேல் ரோட்டால போ" என்பார். ஒரு நாள் அப்படி மேல் ரோட்டால் சுற்றிப் போனால் அந்த டிவிஷன் ஆட்கள் குறுக்குப் பாதையில் ஏறி வந்து சந்தியில் நிற்கிறார்கள்! ஏசவில்லை. மாலைதான் போட்டார்கள். போட்டுவிட்டு ஒரு அம்மா, "ஐயா, இந்தப் பக்கம் ரோட்டு நல்லா இருக்குன்னு இந்தப் பக்கமா வந்தீங்களாக்கும்" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் வேனில் பேசவே இல்லை.

நேரம் கேட்டீர்கள். காலையில் பிரட்டுக்களம், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடுகிற இடம், அதற்காக நாலரைக்கு எழும்ப வேண்டும். பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டால் தோட்டத்தில் வயசானவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள், அதனால் பத்து மணியிலிருந்து டவுன் கடைகள், கோயில் ஐயர், சேர்ச் பாதர், பள்ளிவாசல், சாவு வீடு. சாவு வீட்டை விடவே கூடாது. இவர் இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு சாவுக்கு வராததை இரண்டாம் தேர்தலில் மூன்று இடத்தில் கேட்டார்கள். மத்தியானச் சாப்பாடு ஏதாவது ஒரு தோட்டக் கமிட்டித் தலைவர் வீட்டில், எந்தத் தலைவர் வீட்டில் என்பதில் ஒரு பெரிய அரசியலே இருக்கிறது, ஒருவர் வீட்டில் சாப்பிட்டால் பக்கத்துத் தோட்டத் தலைவர் இரவுக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க மாட்டார். பின்னேரம் நாலு மணிக்கு மேல்தான் உண்மையான வேலை, லயம் லயமாக, மழையோடு.

தேத்தண்ணியை மறந்துவிடாதீர்கள். போகிற வீட்டில் எல்லாம் தருவார்கள், வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும், அதுவும் நம்ம கையால் குடிக்கமாட்டானா என்று ஒரு நினைப்பு அவர்களுக்கு வந்தால் அந்த லயமே போச்சு. அத்தனையும் குடித்துவிட்டு ஒன்றுக்குப் போக இடம் தேடுவதுதான் வேட்பாளரின் பெரிய பிரச்சினை, இதை யாரும் எழுதமாட்டார்கள், நீங்கள் எழுதுங்கள்.

அப்புறம் உங்கள் மோதல் சீன். எதிர்க்கட்சிக்காரரைக் கண்டால் இவர்கள் கட்டிப் பிடிப்பார்கள் தம்பி. எங்கள் வேனுக்கு முன்னால் போய் ஆட்களைக் கலைத்தது எங்கள் கட்சி வேன்தான். மாவட்டத்துக்கு 8 ஆசனம், ஒரு பட்டியலில் 11 பேர், அதில் யார் உள்ளே போவது என்று முடிவு பண்ண வாக்காளர் கையில் 3 விருப்பு வாக்கு. மேடையில் ஒரே கட்சி வேட்பாளர் மூன்று பேர் கையைச் சேர்த்துத் தூக்கி "மூன்று இலக்கத்துக்கும் போடுங்கள்" என்பார்கள். இறங்கி லயத்துக்குள் போனதும் ஆளாளுக்குக் காதில் சொல்வது, "சின்னத்துக்குப் போடுங்க, என் நம்பருக்குப் போடுங்க, மற்ற ரெண்டையும் சும்மா விட்டுடுங்க." இரவு பதினொரு மணிக்கு வேனை நிறுத்தினால் அவர் கேட்கிற முதல் கேள்வி எதிர்க்கட்சி என்ன பேசினது என்பதில்லை, நம்ம ஆள் இன்றைக்கு எந்தத் தோட்டத்துக்குப் போனான் என்பதுதான்.

பழைய_பேப்பர் எழுதியது:

ஸ்டியரிங் அண்ணன் சொன்னதற்கு மேல் களத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் செனட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை, நம்ம நாட்டிலும் செனட் சபை இருந்ததே. 1947 முதல் 1971 வரை. 30 பேர், அதில் 15 பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்யும், 15 பேரை மகா தேசாதிபதி நியமிப்பார். ஆறு வருடப் பதவி, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு விலகும், அமெரிக்கக் கணக்கு மாதிரியே. ஆனால் ஒரு செனட்டரும் ஒரு லயத்து இஸ்தோப்பில் ஏறி வாக்குக் கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. 1960இல் சிறிமாவோ பிரதமரானதுகூட செனட் வழியாகத்தான்.

அதே காலத்தில் நம்ம மலையகத் தமிழ் ஆட்களுக்கு என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆட்களின் பிரஜாவுரிமை போனது, அதைத் தொட்டு வாக்குரிமையும் போனது. அவர் அடுத்து ஒரு தேர்தலில் வென்றது 1977இல், நுவரெலியா மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராக. நடுவில் 1960இலும் 1965இலும் பாராளுமன்றம் போனது நியமன உறுப்பினராக. முப்பது வருடம்! மறுபடி வாக்குக் கேட்டு வருகிறவர் என்று நீங்கள் எழுதுகிறீர்கள், நம்ம தாத்தாமார் காலத்தில் மறுபடி வந்தாலும் கேட்க வாக்கு இருக்கவில்லை.

இன்னொரு வித்தியாசம் உங்கள் கதைக்கு உதவலாம். அமெரிக்க செனட்டர் தேர்தல் காலத்திலும் செனட்டர்தான், கிழமை நடுவில் வாஷிங்டன் போய் வாக்களித்துவிட்டுத் திரும்ப ஊருக்கு ஓடி வருவார். இங்கே பாராளுமன்றத்தைக் கலைத்த அன்றே எம்பி பதவி போய்விடும். 2024இல் செப்டெம்பர் 24 கலைத்தார்கள், நவம்பர் 14 தேர்தல். அந்த ஏழு கிழமையும் உங்கள் ஆள் சட்டப்படி முன்னாள் எம்பி. ஆனால் ஊரில் எல்லோரும் "எம்பி ஐயா" என்பார்கள், அவரும் திருத்தமாட்டார். அதில் ஒரு நல்ல சீன் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கூடைக்காரி_மகள் எழுதியது:

மேலே எழுதின எல்லோரும் வேனுக்குள் இருந்து பார்த்திருக்கிறீர்கள். நான் வேன் வந்து நிற்கிற பக்கம். அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார்.

கதை எழுதுகிற அண்ணா, உங்கள் எம்பியை வேலை நேரத்தில் மலைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். படத்துக்கு அழகாக இருக்கும், பச்சை மலை, கூடை, வெள்ளை வேட்டி எல்லாம். ஆனால் அவர் வந்து நின்று அரை மணி பேசினால் அரை மணிக் கொழுந்து போச்சு. சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார், அந்த இரண்டு கிலோவை அவரா எடுத்துக் கொடுப்பார்? அம்மா ஒரு தடவை ஒரு வேட்பாளர் பேசி முடிக்கும் வரைக்கும் கையை நிறுத்தவே இல்லை, கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். அவருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டதாம், பிறகு தலைவரிடம் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்த வேட்பாளர் நிறுவை நேரத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வருவார், கூடையை இறக்கி வரிசையில் நிற்கும்போது ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

சம்பளக் கேள்வி அங்கேதான் வரும். நாளுக்கு 1,000 ரூபாய் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்றார்கள், செப்டெம்பரில் வரும்போது அடிப்படை 1,350, மிச்சம் 350 கூடுதல் கிலோ எடுத்தால்தான். பழைய எம்பி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், புது வேட்பாளர் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் தீபாவளி ஒக்டோபர் 31, தேர்தலுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது, அதனால் முற்பணம் கிடைத்ததா இல்லையா என்ற பேச்சு வேறு. பண்டிகைக்குப் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கக் காசு பத்தாத வீட்டுக்கு முன்னால் பட்டாசு கொளுத்தி இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வாக்குச் சீட்டைப் பழக்குவது. எங்கள் அம்மாயிக்குப் பிரஜாவுரிமையே அறுபது வயதுக்குக் கிட்டத்தான் கிடைத்தது, அதனால் அவருக்கு வாக்குப் போடுவது என்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி, காலையிலேயே குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். ஆனால் 2024இல் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அதில் 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதலாம். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், முதலில் கட்சிக்குப் புள்ளடி (X குறி), பிறகு இலக்கத்துக்குப் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. இதை அம்மாயிக்கு நான்தான் மாதிரிச் சீட்டு வைத்து நாலு இரவு சொல்லிக் கொடுத்தேன், கடைசியில் "உனக்குப் பிடிச்சவனுக்குப் போட வைக்கப் பாக்குறியா" என்று என்னையே சந்தேகப்பட்டுவிட்டார் 😂 எங்கள் லயத்துக்கு வந்த எல்லா வேட்பாளரும் தங்கள் இலக்கத்தைச் சொன்னார்கள், பழக்கிக் கொடுத்தது யார் என்றால் பள்ளிக்கூடம் போகிற பெட்டைகள்தான்.

அந்தத் தேர்தலில்தான் நம்ம மலையகத் தமிழ்ப் பெண்களான நுவரெலியாவில் இருந்து கலைச்செல்வியும் பதுளையில் இருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். கொழுந்து எடுக்கிறதில் முக்கால்வாசி பெண்கள் இருக்கிற இடத்தில் இதற்கு இவ்வளவு காலம் எடுத்தது என்பது என் கோபம், உங்கள் கதைக்குச் சம்பந்தமில்லை, சொல்லிவிட்டேன்.

அட்டன்_மூடுபனி எழுதியது:

அக்கா, சம்பந்தம் இருக்கிறது. கையை நிறுத்தாமல் தலையாட்டின அந்த அம்மாவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அனுமதி இல்லாமல் எழுதமாட்டேன்.

ஸ்டியரிங் அண்ணே, தலவாக்கலை மோதலை வெட்டிவிட்டேன். இப்போது ஒரே கட்சி வேன் இரண்டு, ஒற்றை ரோட்டில் முகத்துக்கு முகம், யார் பின்னால் எடுப்பது என்று. சரியா?

காசு விஷயமும் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் எவ்வளவு போகும், யார் கொடுக்கிறார்கள்?

சந்தா_துண்டு எழுதியது:

தொகை கேட்காதீர்கள், சரியாகச் சொல்லக்கூடியவர் சொல்லமாட்டார், சொல்கிறவருக்குத் தெரியாது. நான் தோட்டக் கமிட்டியில் பல வருடம் தலைவராக இருந்தவன், என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

2023இல் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தது, முந்தி மாதிரி வெளிப்படையாகச் செலவழிப்பது குறைந்தது. தேர்தல் முடிந்து 21 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். தோற்றுப்போன ஒருவர் பில்களைப் பொறுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார், கொட்டகைக்குத் தகரம் வாடகைக்கு எடுத்த கடைத் துண்டைக் கேட்டு. பாவமாக இருந்தது. ஜெயித்திருந்தால் அந்தக் கடைக்காரர் தானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.

சாப்பாடு, சாராயம் கொடுத்து வாக்குக் கேட்பது சட்டப்படி குற்றம், வாக்களிக்கிற அன்று வாகனத்தில் ஆள் ஏற்றிப் போவதும் அப்படித்தான். நடப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் ஒரு தடவை போத்தல் வந்தது, வாங்கினவர்கள் வாங்கினார்கள், பிறகு அந்தப் பெட்டியில் அந்த ஆளுக்கு விழுந்த வாக்கு பற்றிக் கேள்விப்பட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. குடிச்சது தொண்டைக்கு, போட்டது மனசுக்கு என்று ஒரு கிழவர் சொன்னார்.

ஆனால் தலைவர்மாரின் பாடு யாருக்கும் விளங்குவதில்லை. எம்பி ஐந்து கிழமையில் போய்விடுவார். அவர் கொடுத்த வாக்குக்கு மிச்சக் காலம் பதில் சொல்வது நான். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்று வாக்குக் கொடுக்கிறார், லயத்தில் 24 குடும்பம், வருவது பத்து வீடு. யாருக்கு என்று எழுத வேண்டிய பட்டியல் என் மேசையில் வந்து நிற்கும். பதினாலு வீட்டுக்காரர் என்னோடு பேசமாட்டார்கள், அதில் ஒருவர் என் மச்சான். அடுத்த தேர்தலுக்கு எம்பி வரும்போது "ஏன் தலைவரே, இந்த லயத்தில ஒரு மாதிரியா பாக்குறாங்க" என்று என்னையே கேட்கிறார்! உங்கள் கதையில் தலைவர் ஒருவர் வந்தால் அவரைக் கைத்தடியாக மட்டும் காட்டாதீர்கள்.

டயகம_கடைசி_பஸ் எழுதியது:

சந்தா ஐயா, மச்சான் இப்போது பேசுகிறாரா?

சந்தா_துண்டு எழுதியது:

கல்யாணம், சாவுக்குப் பேசுவார்.

பழைய_பேப்பர் எழுதியது:

இலக்கம் பழக்குவது பற்றித் தங்கச்சி எழுதினதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 2010இல் அலாஸ்கா செனட்டர் லீசா முர்கோவ்ஸ்கி தன் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றுவிட்டார், சீட்டில் பெயர் இல்லை. விடாமல் நின்று, வாக்காளர்களைத் தன் பெயரைக் கையால் எழுத வைத்து நவம்பரில் வென்றார். முர்கோவ்ஸ்கி என்று எழுத்துக்கூட்டப் பழக்குவதே பிரசாரமாக இருந்ததாம். ஆக, அங்கேயும் பதவியில் இருந்தவரை முதலில் விழுத்தினது சொந்தக் கட்சிதான், ஸ்டியரிங் அண்ணனுக்கு இது பிடிக்கும்.

ஸ்டியரிங் எழுதியது:

பிடித்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு அடுத்த வேன் எங்கே நிற்கிறது என்று பார்க்க நல்ல டிரைவர் இருந்திருக்க வேண்டும் 🙂

ஒற்றை ரோட்டுச் சீன் சரி தம்பி. ஒரு திருத்தம். இரண்டு வேட்பாளரும் இறங்கிச் சண்டை போடமாட்டார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கி, "அண்ணே நீங்க போங்க", "இல்ல தம்பி நீங்க போங்க" என்பார்கள். பின்னால் எடுக்கப் படாத பாடுபடுவது நாங்கள் இரண்டு டிரைவர்மார்தான், ஒரு பக்கம் தண்ணீர்க் கான், மற்றப் பக்கம் பள்ளம்.

கூடைக்காரி_மகள் எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். எழுதச் சொல்லுங்கள் என்றார், ஆனால் கதையில் தன் கூடையில் 22 கிலோ இருக்க வேண்டுமாம்.

அட்டன்_மூடுபனி எழுதியது:

22 போட்டாயிற்று! புதுத் தொடக்கம் இப்படி: "பின்னேரம் மூன்று மணிக்கு, மேல் ரோட்டால் போகச் சொல்லிவிட்டு, எம்பி அன்றைய எட்டாவது தேத்தண்ணியை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்."

ஸ்டியரிங் எழுதியது:

மூன்று மணிக்கு எட்டு என்றால் அவர் தோற்றுவிடுவார். பதினாலு போடுங்கள். எல்லாம் சீனி கூட.